காக்ளியர் இம்ப்ளாண்ட்டோடு கல்லூரி: சேர்க்கை நாளிலிருந்து ஹாஸ்டல் இரவு வரை

முதல் செமஸ்டரின் மூன்றாவது வாரம். வகுப்பு முடியும் நேரத்தில் மேடம் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே ஏதோ சொன்னார். எல்லோரும் "ஓகே மேம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். வியாழக்கிழமை காலை எங்கள் வகுப்பறையில் பேனாவும் பரீட்சை அட்டையுமாக நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இன்டர்னல் தேர்வை எதிர் பிளாக்குக்கு மாற்றியிருந்தார்கள். மேடம் அன்றைக்குச் சொன்னது அதைத்தான். விசாரித்து ஓடிப்போய்ச் சேர்வதற்குள் 25 நிமிடம் போய்விட்டது.

எனக்கு நாலரை வயதில் வலது காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தார்கள். அறுவை சிகிச்சை செய்து உள்ளே வைக்கும் பகுதி ஒன்று, வெளியே காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் (ப்ராசசர்) ஒன்று. மெஷின் பிடிக்கும் ஒலி ஒரு கேபிள் வழியாக, தலையில் காந்தத்தால் ஒட்டும் காயிலுக்குப் போய், அங்கிருந்து உள்ளே இருக்கும் பகுதி மூலம் காது நரம்புக்குப் போகும். பள்ளியில் பத்து வருடமும் ஏறக்குறைய அதே முகங்கள்தான். யார் குரல் எப்படி என்று பழகிப்போயிருந்தது. ஏதாவது விட்டுப்போனால் அம்மா டீச்சரிடம் கேட்டு வந்துவிடுவார். கல்லூரியில் அந்த ஏற்பாடு எதுவும் கூட வராது. மணிக்கொரு ஆசிரியர், புதுப் புதுக் குரல், பெரிய ஹால், தலைக்கு மேல் ஆறு ஃபேன். மூன்று வருடம் பி.காம். படித்து முடித்த அனுபவத்தில், எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கேட்காததைக் கேட்டதுபோல் தலையாட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தை விடுவதற்குத்தான் இதிலுள்ள அத்தனை ஏற்பாடும்.

1. சேர்வதற்கு முன்: காகிதங்கள்

யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இல்லையென்றால் முதல் வேலை அதுதான். "மெஷின் வைத்தால் பிள்ளைக்குக் கேட்கிறதே, சான்றிதழ் தருவார்களா?" என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் கேட்புத்திறனை அளப்பார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு ஒலிகளின் அதிர்வெண்களில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர்.

சான்றிதழில் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று இருந்தால், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இடங்களில் போட்டியிடலாம். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இரண்டையும் அதே சட்டத்தின் 32-ஆவது பிரிவு சொல்கிறது. 17-ஆவது பிரிவு இன்னும் முக்கியம்: தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாவது மூன்றாவது மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பள்ளியில் ஒரு மொழிக்கு விலக்கு வாங்கியிருந்தால் அந்த ஆணையின் நகலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். கல்லூரியில் மொழிப்பாட விலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைச் சேர்க்கை அன்றே கேட்டு முடிவு செய்துவிடுங்கள். இரண்டாம் செமஸ்டரில் போய்க் கேட்டால் முதல் செமஸ்டர் தாள் அரியராக நிற்கும்.

எந்தக் கல்லூரி என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். சென்னை அடையாறில் காது கேளாதவர்களுக்கென்றே செயின்ட் லூயிஸ் கல்லூரி இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் (பிரசிடென்சி) அவர்களுக்கென்று தனியாக பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. சைகை மொழியில் உங்களுக்குப் பாடம் நன்றாகப் புரியும் என்றால் இவற்றை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள். நான் வீட்டுக்குப் பக்கத்து ஊரில் ஒரு சாதாரணக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன். இனி சொல்வதெல்லாம் அந்த அனுபவம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நான் கேட்டது நான்கு விஷயம்: எல்லா வகுப்பிலும் நிலையான இருக்கை, அறிவிப்புகள் எழுத்தில், தேர்வில் கூடுதல் நேரம், தேர்வறைக்குள் காது மெஷின் அணிய அனுமதி. யு.டி.ஐ.டி. நகலையும், இம்ப்ளாண்ட் வைத்த மருத்துவமனையின் கடிதத்தையும் இணைத்தேன். உங்கள் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஹெச்.ஓ.டி. மாறினாலும் அந்த முத்திரை பேசும்.

2. மெஷினைத் தயார் செய்வது

கல்லூரி திறக்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே மேப்பிங்குக்கு, அதாவது மெஷினின் அளவுகளை உங்கள் காதுக்கு ஏற்பச் சரிசெய்ய, போய் வாருங்கள். புது மேப் காதுக்குப் பழகச் சில நாள் பிடிக்கும். அந்தத் தடுமாற்றம் முதல் நாள் வகுப்பில் வேண்டாம். மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்ட்டிடம் "நல்லா கேக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் அறையில் ஃபேன்கூடச் சத்தம் போடாது, அங்கே எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். "60 பேர் உட்காரும் ஹால், நாலு பக்கமும் ஜன்னல், ஃபேன் ஓடும், ஆசிரியர் நடந்துகொண்டே பேசுவார்" என்று விவரமாகச் சொல்லுங்கள். அமைதியான இடத்துக்கு ஒரு ப்ரோகிராம், சத்தமான இடத்துக்கு முன்னால் இருந்து வரும் குரலைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு ப்ரோகிராம், ஆசிரியர் சட்டையில் மாட்டும் தனி மைக்கோடு பயன்படுத்த ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி பார்க்காமல் விரலாலேயே மாற்றிப் பழகுங்கள்.

அடுத்தது பேட்டரி. ரீசார்ஜ் பேட்டரி என்றால், கம்பெனி சொல்லும் மணிக்கணக்கை விட்டுவிட்டு உங்கள் பேட்டரி உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தனி மைக் சேர்த்து ஓட்டினால் சீக்கிரம் தீரும். பொத்தான் பேட்டரி என்றால் இம்ப்ளாண்ட்டுக்கென்று வரும் 675-ஐத்தான் வாங்க வேண்டும். சாதாரணக் காது கருவிக்கான 675 அதே அளவில் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் இம்ப்ளாண்ட் இழுக்கும் மின்சாரத்துக்கு அது தாங்காமல் நடுவகுப்பில் நின்றுவிடலாம். ஸ்டிக்கரைப் பிரித்ததும் ஐந்து நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். அந்த பேட்டரி காற்றை இழுத்துத்தான் வேலை செய்கிறது. அவசரப்பட்டு உடனே மூடிவிட்டால் ஆயுள் குறைகிறது.

என் பையில் மூன்று வருடமும் ஒரு பழைய ஜியோமெட்ரி பாக்ஸ் இருந்தது. காம்பஸ் இருந்த இடத்தில் ஸ்பேர் காயில் கேபிள், ஸ்கேல் இருந்த இடத்தில் பேட்டரி அட்டை, மென்மையான சின்ன பிரஷ், மடித்த காட்டன் துணி. மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: "என் காது மெஷின் நின்றுவிட்டது. தயவுசெய்து எழுதிக் காட்டுங்கள்." அதை நாலைந்து முறை நீட்டியிருக்கிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை.

திடீரென்று சத்தம் நின்றால் பதறாதீர்கள். முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அப்புறம் கேபிளை மாற்றுங்கள். அனேகமாகக் கோளாறு கேபிளில்தான் இருக்கும். அதற்கும் சரியாகவில்லையென்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் போடச் சொல்லுங்கள், சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். சின்ன வயதில் வாங்கிய ப்ராசசரின் வாரன்டி கல்லூரி வயதில் முடிந்திருக்கும். ஒரு கேபிளே சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, ப்ராசசர் மாற்றுவதென்றால் லட்சக்கணக்கில் போகும். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வீட்டில் இப்போதே பேசுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் என்ன உதவி இருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள்.

நம் ஊரில் மெஷினுக்குப் பெரிய எதிரி வியர்வை. மதியம் பெல் அடித்ததும் காதின் பின்புறத்தையும் மெஷினையும் உலர்ந்த துணியால் துடைப்பேன். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டிரை பாக்ஸ். அதில் வைக்கும்போது பொத்தான் பேட்டரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரியும் காய்ந்து கெட்டுவிடும். ஜெல் மணிகள் நிறம் மாறினால் அவை ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிட்டன என்று பொருள்.

3. எங்கே உட்காருவது

"முதல் பெஞ்ச்ல உட்காரு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் முதல் மாதம் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆசிரியர் குரல் நன்றாகக் கேட்டது. ஆனால் பின்னாலிருந்து யாராவது கேள்வி கேட்டால் யார் கேட்டார்கள் என்று திரும்பித் தேடுவதற்குள் பதிலும் முடிந்திருக்கும். இரண்டாவது வரிசையின் ஓரம்தான் எனக்குச் சரியாக வந்தது. லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தால் ஆசிரியரும் தெரிவார், பாதி வகுப்பும் தெரியும்.

எந்த ஓரம் என்பது உங்கள் காதைப் பொறுத்தது. எனக்கு மெஷின் வலது காதில் என்பதால், கரும்பலகையைப் பார்க்கும்போது இடது கைப்பக்கத்துக் கடைசி இடம். அப்போது ஆசிரியரும் வகுப்பும் என் வலது பக்கம் இருப்பார்கள். இரண்டு காதிலும் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு தேவையில்லை.

தூரம் எவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். பேசுபவரிடமிருந்து தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஆனால் தலைக்கு மேல் இருக்கும் ஃபேனின் இரைச்சல் குறையாது, அது உங்கள் கூடவே இருக்கிறது. அறைக்குள் என்றால் சுவரில் பட்டு வரும் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். ஆக, பின்னால் போகப் போகக் குரல் இரைச்சலுக்குள் மூழ்கும். கேட்கிறவர்கள் காதுக்குள் ஒலியை நரம்புக்குக் கொடுக்க ஏறக்குறைய 3,500 உள்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. நமக்கு அந்த வேலையைச் செய்வது, எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்து, 12 முதல் 22 எலக்ட்ரோடுகள். அத்தனை குறைவான கம்பிகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதக் குரலைப் புரிந்துகொள்வதே நம் மூளை செய்யும் பெரிய காரியம். அந்தக் குரலோடு ஃபேனும் பக்கத்து வகுப்பும் கலந்து வந்தால் பிரித்தெடுக்கத் திணறுகிறது. இது உங்கள் முயற்சிக் குறைவு இல்லை.

அதனால் இருக்கை தேர்ந்தெடுக்கும்போது நேராக மேலே பாருங்கள். கடகடவென்று ஆடும் ஃபேனுக்குக் கீழே உட்காராதீர்கள். ஏ.சி. அறையென்றால் ஏ.சி.க்குப் பக்கத்தில் வேண்டாம். சாலையைப் பார்த்த ஜன்னல் வேண்டாம். அப்புறம் வெளிச்சம். ஆசிரியருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அவர் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது.

உதடு ஏன் வேண்டும்? "மெஷின் இருக்கே, அப்புறம் எதுக்கு வாயைப் பாக்குற?" என்று கேட்பார்கள். கண்ணாடி முன்னால் நின்று "பாடம்", "மாடம்" என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும், கண்ணால் பிரிக்க முடியாது. மெஷின் பிரித்துவிடும். "பல்", "கல்" என்று சொல்லுங்கள். மெஷின் சில நேரம் குழம்பும், ஆனால் "ப"வுக்கு உதடு ஒட்டுவதைக் கண் பார்த்துவிடும். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கிறது. ல, ள, ழ மூன்றுக்கும் இரண்டுமே அவ்வளவாகக் கை கொடுக்காது. அங்கே வாக்கியத்தின் பொருளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

4. ஆசிரியரிடம் என்ன சொல்வது

ஒவ்வொரு செமஸ்டரும் புது ஆசிரியர்களை முதல் வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய்ப் பார்ப்பேன். "எனக்குக் காது கேட்காது, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. சிலர் கத்திப் பேச ஆரம்பிப்பார்கள். சிலர் ஒவ்வொரு எழுத்தாக இழுத்துப் பேசுவார்கள். இரண்டுமே உதட்டின் வடிவத்தைக் கெடுத்துவிடும். செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்:

"மேம், நான் காக்ளியர் இம்ப்ளாண்ட் போட்டிருக்கேன். உங்க முகம் தெரிஞ்சா எனக்கு நல்லாப் புரியும். போர்டுல எழுதும்போது பேசாம, எழுதிட்டுத் திரும்பிப் பேசினா போதும். யாராவது கேள்வி கேட்டா அதை ஒரு தடவை நீங்க திருப்பிச் சொல்லுங்க மேம். டெஸ்ட் தேதி, ரூம் நம்பர் மட்டும் போர்டு ஓரத்துல எழுதிடுங்க."

இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்த வாரம் அவர் மறந்துவிடுவார், அது இயல்பு. மறுபடி போய் அதே சிரிப்போடு சொல்லுங்கள். கேள்வியைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் பின்பெஞ்சில் இருக்கும் எல்லோருக்கும் உதவியது என்று எங்கள் காஸ்டிங் (செலவுக் கணக்குப் பாடம்) சார் பிறகு அவராகவே சொன்னார்.

வசதி இருந்தால் தனி மைக் ஒன்று வாங்குங்கள். ஆசிரியர் சட்டையிலோ புடவைத் தலைப்பிலோ வாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டிவிட்டால் குரல் நேராக ப்ராசசருக்கு வந்துவிடும். தூரம், ஃபேன் இரண்டையும் ஒரே அடியில் தாண்டலாம். மெஷினுக்கு வெளியே நான் செலவு செய்ததில் மிகப் பலன் தந்தது இதுதான். புடவை முந்தானை உரசினால் கரகரவென்று கேட்கும், உள்மடிப்பில் மாட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே போனால் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்று முதல் நாளே அவருக்குக் காட்டிக்கொடுங்கள். அவர் மறந்தால் நீங்கள் உங்கள் பக்கம் ப்ரோகிராமை மாற்றிவிடுங்கள். வராந்தாவில் அவர் பேசும் சொந்த விஷயம் நம் காதுக்கு வரக்கூடாது.

5. நோட்ஸ்

உதட்டைப் பார்த்தால் எழுத முடியாது, எழுதக் குனிந்தால் உதடு போய்விடும். நானும் ஒரு வருடம் இரண்டையும் செய்யப் பார்த்துத் தோற்றேன். வகுப்பில் எழுதுவதையே விட்டுவிடுங்கள். தெளிவாக எழுதும் இரண்டு பேரிடம் முன்பே பேசி வைத்து, அன்றன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஏன் என்றால், ஒருவர் லீவு போடுவார். தவிர, ஒருவர் விட்ட வரி இன்னொருவரிடம் இருக்கும். அன்று இரவே அதைக் கையால் உங்கள் நோட்டில் எழுதுங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் இருக்கின்றன. கூகுளின் லைவ் ட்ரான்ஸ்க்ரைப் 2019-இல் வந்தது, தமிழும் தெரியும். ஆனால் நம் வகுப்பில் யாரும் ஒரே மொழியில் பேசுவதில்லை. "இந்த அசெட்டோட புக் வேல்யூவ டிப்ரிஷியேட் பண்ணிட்டு" என்று ஒரு வாக்கியம் வந்தால், தமிழில் வைத்தாலும் ஆங்கிலத்தில் வைத்தாலும் பாதி தப்பாக வரும். போனை ஆசிரியர் மேசைமேல் வைத்தால் ஓரளவு தேறும். அதை முழு நோட்ஸாக நம்ப வேண்டாம்; எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளப் பயன்படும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது முதல் நாள் இரவு அரை மணி நேரம். நாளைக்கு நடக்கப்போகும் பாடத்தைப் புரட்டி, புதுச் சொற்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதுவேன். பத்துச் சொல் இருக்கும். உச்சரிப்பு தெரியாததை அறைத் தோழியிடம் சொல்லச் சொல்லிக் கேட்பேன். "அமார்டைசேஷன்" என்ற சொல்லை முதல்முறையாக வகுப்பில் கேட்டால் அது நமக்கு வெறும் இரைச்சல். முந்தின இரவு இரண்டு முறை கேட்டிருந்தால் ஃபேன் சத்தத்துக்குள்ளும் அது தலையை நீட்டும்.

6. "என்ன?" என்று கேட்பது

தலையாட்டும் பழக்கம் எப்படி வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். முதல்முறை "என்ன?" என்றால் திருப்பிச் சொல்வார்கள். இரண்டாம் முறை குரலில் அலுப்பு. மூன்றாம் முறை "ஒண்ணுமில்ல, விடு." அந்த "விடு"வைத் தவிர்க்கத்தான் தலையாட்டிவிடுகிறோம். நானும் பள்ளிக்கூடக் காலம் முழுக்க அப்படி ஆட்டியிருக்கிறேன்.

இதற்கு எனக்கு வேலை செய்த வழி, வெறும் "என்ன?"வை விட்டுவிட்டு, காதில் விழுந்த வரைக்கும் திருப்பிச் சொல்லி, விழாததை மட்டும் கேட்பது. "வெள்ளிக்கிழமை அசைன்மென்ட்டுன்னு கேட்டுச்சு. எத்தனை பக்கம்?" என்றால் எதிரில் இருப்பவருக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னால் போதும், அலுப்பு வராது. இரண்டாம் முறையும் பிடிபடவில்லையென்றால், அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். எண், பெயர், இடம் மூன்றையும் எழுதித்தான் வாங்க வேண்டும். ஏழா எட்டா என்பதில் ஒரு பரீட்சையே போய்விடும், நான் பார்த்தாயிற்று.

கேன்டீன் தனிக் கதை. தட்டுச் சத்தம், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேச்சு, சிரிப்பு. யாராவது ஜோக் சொல்லி எல்லோரும் சிரிக்கும்போது "என்னடி சொன்னா?" என்று கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது. ஒருநாள் என் பெஞ்ச் தோழியிடம் நேராகச் சொன்னேன்: "நீ சொல்லாம விட்டா பரவாயில்ல, 'அப்புறம்'னு மட்டும் சொல்லாத. அன்னைக்குப் பூரா காத்திருக்கேன்." அவள் அழுதுவிட்டாள். அதிலிருந்து எந்தக் கூட்டத்திலும் முதலில் எனக்குச் சுவரோர இடம் பிடித்து வைப்பாள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் பின்பக்கச் சத்தம் குறையும், எல்லோர் முகமும் தெரியும். பேச்சு மாறினால் மேசையில் ஒரு விரல் தட்டி, வாயசைத்து ஒரே சொல்லில் தலைப்பைச் சொல்வாள்: "சினிமா", "ஹாஸ்டல்", "கல்யாணம்". தலைப்பு தெரிந்துவிட்டால் மிச்சத்தை நாமே பிடித்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது நண்பர்களை மெஷின் இருக்கும் பக்கம் வரச் சொல்லுங்கள். பேருந்தில் பேச்சை முயற்சி செய்து களைத்துப்போகாதீர்கள், வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம்.

7. லேப், செமினார், வைவா

கம்ப்யூட்டர் லேபில் ஆசிரியர் பின்னால் நின்று பேசுவார், நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். செய்முறைத் தாளை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். செமினார் எடுக்கும்போது கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லலாம். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. உள்ளே போனதும் முதல் வாக்கியமாக நீங்களே சொல்லிவிட்டு, வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்துங்கள்.

8. தேர்வறை

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட தேர்வு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் சொல்வதை எழுதுபவர் இல்லாமல் தாங்களே எழுதினாலும் 3 மணி நேரத் தேர்வுக்கு குறைந்தது 1 மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று இருந்தது. இது தானாக வராது. தேர்வுக் கட்டணம் கட்டும்போதே விண்ணப்பித்து, ஆணையை ஹால் டிக்கெட்டோடு பின் செய்து வையுங்கள்.

முதல் செமஸ்டர் தேர்வில் கண்காணிப்பாளர் என் தலைமுடியை விலக்கிப் பார்த்து "ப்ளூடூத்தா?" என்றார். நான் காயிலை எடுத்துக் காட்டினேன். அதன் காந்தம் டெஸ்க்கின் இரும்புக் காலில் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது. காயில் தலையில் இல்லாததால் அவர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மருத்துவமனைக் கடிதம் வெளியே பையில் இருந்தது. எடுத்து வந்து காட்டி எழுத ஆரம்பிக்க 15 நிமிடம். அவர்மேல் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் செய்தது: தேர்வுக்கு முந்தின நாளே தேர்வுப் பொறுப்பாளரைப் பார்த்துக் கடிதத்தைக் காட்டிவிடுவேன். இம்ப்ளாண்ட் அடையாள அட்டை ஹால் டிக்கெட்டோடு இருக்கும். புது ப்ராசசர்கள் போனோடு இணையக்கூடியவை என்பதால் அவர்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. போனையும் தனி மைக்கையும் வெளியே வைத்துவிட்டு, அதை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே போவதற்கு முன் புது பேட்டரி போடுங்கள். வினாத்தாளில் திருத்தம் அறிவித்தால் எழுதிக் காட்டச் சொல்லி வையுங்கள். எல்லா அறிவிப்பும் முடிந்தபின், விருப்பமிருந்தால் காயிலைக் கழற்றி உங்கள் டப்பாவிலேயே வைத்துக்கொண்டு எழுதலாம். அந்த அமைதியில் எழுதுவது எனக்குப் பிடிக்கும். யாரிடமும் மெஷினைக் கொடுத்துவிடாதீர்கள்.

9. மைதானம், மழை, மருத்துவமனை

ஷட்டிலும் ஓட்டமும் தாராளமாக ஆடலாம், தலைப்பட்டை போட்டால் மெஷின் விழாது. தலையில் அடிபடக்கூடிய ஆட்டங்களை உங்கள் சர்ஜனிடம் கேட்காமல் ஆடாதீர்கள். ஹெல்மெட் போடும்போது காயில் நகர்ந்துவிடும். உள்ளே அந்த இடம் அழுத்தாத மாதிரி பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் பையில் ஒரு ஜிப் கவர் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தைத் தோழிகளுக்கும் வார்டனுக்கும் சொல்லி வையுங்கள். மயக்கமாகவோ விபத்திலோ உங்களைத் தூக்கிப்போனால், "உள்ளே இம்ப்ளாண்ட் இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் மாடலைப் பார்க்க வேண்டும், அறுவை சிகிச்சையில் மின்சாரக் கத்தி பயன்படுத்தும் முன் கேட்க வேண்டும்" என்று மருத்துவரிடம் சொல்ல ஒருவர் வேண்டும். அடையாள அட்டையின் போட்டோ என் அறைத் தோழியின் போனில் எப்போதும் இருந்தது.

10. களைப்பும் சைகை மொழியும்

மூன்று மணிக்கு மேல் எனக்கு எதுவும் ஏறாது. தலை கனக்கும், கண் எரியும். சோம்பல் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒவ்வொரு சொல்லையும் உதடு, ஒலி, ஊகம் என்று மூன்று பக்கத்திலிருந்து கோத்துக்கொண்டே ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். மதிய இடைவேளையில் சாப்பிட்டுவிட்டு நூலகத்தில் 20 நிமிடம் மெஷினைக் கழற்றி வைப்பேன். "கழட்டாதே, காது மறந்துடும்" என்று சின்ன வயதில் தெரபியில் சொன்னது மனதில் உறுத்தும். நாள் முழுக்கப் போட்டிருப்பவர்களுக்கு 20 நிமிடத்தில் எதுவும் மறக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளைக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று எங்கள் வீட்டில் பயந்தார்கள். நான் இரண்டாம் ஆண்டில்தான் கற்க ஆரம்பித்தேன். 2015-இல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதோடு வாரம் ஒருநாள் காது கேளாத நண்பர்களோடு உட்கார்ந்தேன். முதல்முறையாக ஒரு கூட்டத்தில் எல்லோரும் சிரித்த அதே நொடியில் நானும் சிரித்தேன். என் பேச்சு எங்கும் போகவில்லை. பேட்டரி தீர்ந்த மாலைகளில் என் பெஞ்ச் தோழியும் நானும் இப்போதும் அந்தச் சைகைகளில்தான் பேசுகிறோம்.

11. ஹாஸ்டல் இரவு

குளிக்க, தூங்கக் கழற்றிவிட்டால் நமக்கு முழு அமைதி. அதனால் அறையில் இருப்பவர்களோடு முதல் நாளே பேசிவிடுங்கள். என்னை எழுப்பத் தோளைத் தொட வேண்டும் அல்லது கட்டில் காலை லேசாக ஆட்ட வேண்டும். உள்ளே வருவதற்கு முன் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட வேண்டும். தீ, அவசரம் என்றால் யார் என்னை எழுப்புவது என்று ஒரு பெயர் முடிவாகியிருக்க வேண்டும். அந்தப் பெயர் வார்டனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலை எழுவதற்குக் கையில் அதிரும் வாட்ச் கட்டிக்கொள்வேன்.

பத்து மணிக்கு பேட்டரி சார்ஜில், மெஷின் டிரை பாக்ஸில், நாளைய பத்துச் சொல் தலையணைக்கு அடியில். விளக்கை அணைக்கும் முன் அறைத் தோழி என் பக்கம் திரும்பி ஏதாவது வாயசைப்பாள். ஆறரை மணிக்கா, ஏழரைக்கா? உதட்டில் பிடிபடவில்லையென்றால் கையை நீட்டுவேன், உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவாள்.